தென்னை உயரத்துக்குத் தண்ணீர் அடித்த பம்பு

கண்ணு,

நீ போனில் அனுப்பிய கட்டுரையை மூன்று தடவை படித்துவிட்டேன். போனில் எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருந்ததால், பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். எட்டுப் பக்கம் வந்தது. கடைப் பெண் தாளை அடுக்கும்போதே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏனுங்க, யாரு எழுதுனதுங்க இது? நல்லா இருக்குதுங்க" என்றாள். "எங்கண்ணன் புள்ளைங்க அம்மணி. பெங்களூர்ல வேலை. பேச்சும் எழுத்தும் நம்ம கிட்ட இருந்து போனதுதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே நின்ற ஆட்டோக்காரரிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"சித்தப்பா, அப்பா செத்து ரெண்டு வருசம் ஆச்சு, அவரைப் பத்தி ஒரு உண்மைக் கதை எழுதியிருக்கேன், அடுத்த வாரம் புத்தகத்துல அச்சுக்குப் போகுது, தப்பு இருந்தாச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். தப்பு இருக்கிறது கண்ணு. ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அது உன் தப்பு இல்லை. அச்சுக்குப் போகும் முன் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் உனக்குத் தெரியும். பேசினால் தானாக இரண்டு ஆள் கூடுவார்கள், நாலு யானை வரும். எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். சித்தப்பன் என்றாலும் அப்பன்தானே, இந்த ஒரு விஷயத்தையாவது அப்பன் மாதிரிச் சொல்லிவிடுகிறேன்.

நீ சனி ஞாயிறு போகிற எழுத்து வகுப்பில் உங்கள் வாத்தியார் என்ன சொல்லித் தருகிறாரோ எனக்குத் தெரியாது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனால் கதை சொல்வதில் எனக்கு நாற்பது வருஷ சர்வீஸ். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் நான் காந்திபுரத்தில் ஒரு கதையை ஆரம்பித்தால், துடியலூரில் இறங்க வேண்டியவன் முடிவு கேட்காமல் இறங்க மனசில்லாமல் காரமடை வரை வந்துவிட்டுத் திரும்ப டிக்கெட் எடுப்பான். கண்டக்டரே ஒரு தடவை விசில் ஊத மறந்திருக்கிறார். பத்துப் பேர் என்பதை நான் முப்பது பேர் என்பேன். குறைத்துச் சொன்னேன் என்று இதுவரை யாரும் என்மேல் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் உண்மை எழுதுவதைப் பற்றி உனக்குச் சொல்ல வருகிறேன் என்றால் சிரிப்பு வரும். ஆனால் துணியில் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்பது ஒட்டுப் போட்டவனுக்குத்தான் தெரியும் கண்ணு. அதனால் கேள்.

முதலில், ஆரம்பத்திலேயே "என் அப்பா ஒரு தியாகி" என்று எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தையைத் தூக்கிவிடு. உங்கப்பா, என் அண்ணன், தோசைக்குச் சட்னி கெட்டியாக இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தியாகி என்று நீ எழுதியதும் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். அந்த இடத்தில் படம் மாட்டி மாலை போட்ட யாரோ ஒருத்தர் வந்து நிற்கிறார். உங்கப்பா மூக்குக்கண்ணாடியை எப்போதும் சட்டையில் துடைக்கமாட்டார், வேட்டி ஓரத்தை எடுத்துத் துடைப்பார், நினைவிருக்கிறதா? அளவு பார்க்கிற வெர்னியரை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு, காலுறை வாயை நூலால் கட்டி வைத்திருப்பார். வார்ப்பிலிருந்து வந்த இரும்பைக் கையில் வாங்கினால் முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். "இங்கெ ஒரு புழு ஓட்டை இருக்குதுடா" என்பார். விளக்கில் காட்டிப் பார்த்தால் இருக்கும். அதை எழுது. அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று படிக்கிறவன் தானாகச் சொல்லிக்கொள்வான்.

உங்கப்பா பட்டறை போட்ட கொட்டாயை நீ பார்த்ததில்லை. உனக்கு நினைவு தெரிவதற்குள் அதைக் காலி செய்துவிட்டோம். பெரியநாயக்கன்பாளையத்தில் வாடகைக்குப் பிடித்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டாய், ஒரே ஒரு பழைய லேத்து. உங்கப்பா பகலில் ஒரு பட்டறையில் டர்னர் வேலை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வருவார். நான் அதற்கு முன்பே போய்த் திறந்து, கூட்டி, ரேடியோ போட்டு வைத்திருப்பேன். உங்கம்மா அடுக்குத் தூக்கில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவருவார். அப்போதுதான் கல்யாணமாகி வந்த புதிது. கட்டிங் ஆயில் நாற்றமும் நெய் வாசமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது லேத்துப் பட்டறையைத் தாண்டிப் போனால் எனக்குப் பசிக்கிறது. உங்கப்பா அங்கேதான் சொந்தமாக ஒரு பம்பு செட் செய்தார். இரும்பு வார்க்க அச்செடுக்கிற பேட்டர்ன் மரத்தை அவரே உளியால் செதுக்கி, வார்ப்புக்குக் கொடுத்து, கடைந்து, தேய்த்து, ஒன்றரை வருஷம். ஊரில் எல்லாரும் செய்கிற பம்புதான். ஆனால் உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இறக்கையின் வளைவு மட்டும் அவருடைய சொந்தக் கணக்கு. அந்த வளைவை நோட்டில் வரைந்து வரைந்து, நோட்டு தீர்ந்து, காலண்டர் பின்பக்கத்தில் வரைந்தார். உன் கட்டுரையில் அந்தக் காலண்டர் இல்லை. உங்கம்மாவைக் கேள், சொல்லுவார். ஒரே விஷயத்தை ஒருத்தர் வாயில் மட்டும் கேட்டு எழுதாதே. அதுவும் என் வாயில் மட்டும் கேட்டு எழுதவே எழுதாதே.

என்னுடைய யானைக் கதை உனக்குத் தெரியும். உன் சித்தியைக் கட்டிய புதிதில், மேட்டுப்பாளையத்திலிருந்து மொபெட்டில் வரும்போது ஒற்றைக் கொம்பன் ரோட்டை மறித்து நின்றதும், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்று, "சாமி, புதுசாக் கட்டிட்டு வாரேன், வழி உடு" என்று கும்பிட்டதும், அது தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டுக் காட்டுக்குள் போனதும். இந்தக் கதையை நான் பல ஊரில் சொல்லி, "அப்படீங்களா" என்று நிறைய பேர் தலையாட்டியிருக்கிறார்கள். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் சித்தி எதிர் வரிசையிலிருந்து, "யானை வந்துச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. இவரு போனது மட்டுந்தான் தெரியும்" என்றாள். பந்தி முழுக்கத் திரும்பியது. அவள் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "மூங்கில் படபடன்னு ஒடிஞ்சுதுங்க. வண்டிய என் கையில உட்டுப்போட்டு ஓடுனவருதான். அவரைக்காய்ப் பையும் நானும் மொபெட்டும் நடுரோட்டுல. சித்தெ நேரங்கழிச்சு ஒத்தைச் செருப்போட வாராருங்க. வந்து, 'அம்மணி, பயந்துட்டயா?'ங்கறாரு." ஒருத்தருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நாற்பது வருஷத்தில் என் ஒற்றைக் கொம்பனுக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எந்த இடத்தை வெட்டி எறிந்தேனோ, கதை அங்கேதான் இருந்திருக்கிறது. வெட்டின இடத்தை மறைக்கத்தான் யானையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நீ எழுதும்போது ஒரு இடத்தில் உன் பேனா தானாக அழகாக ஓட ஆரம்பித்தால் அங்கே நில் கண்ணு. எதை மறைக்க ஓடுகிறது என்று பார். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுபத்தெட்டு வயசில், ரசச் சாதத்துக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

இனி ஐந்தாம் பக்கம். "சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஐம்பது பேர் முன்னால் அப்பாவின் பம்பு தென்னை மர உயரத்துக்குத் தண்ணீரை வீசியடித்தது. கூட்டம் கைதட்டியது. கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். ஆனாலும் குடும்பத்துக்காகக் கனவை விட்டுவிட்டு அப்பா மில் வேலைக்குப் போனார்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்துப் பிசகாமல் நான் சொன்னது. உனக்குக் காது குத்தும்போது சொன்னேன், நீ பெரியவளான சீருக்குச் சொன்னேன், பொங்கலுக்குப் பொங்கல் சொன்னேன். நான் சொல்லும்போது உங்கப்பாவும் அங்கேதான் இருப்பார். தென்னை மரம் வருகிற இடத்தில் கை கழுவ எழுந்து போய்விடுவார். அடக்கமான மனுஷன் என்று நீயும் எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன்.

நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான்கு தடவை எழுதி அடித்துவிட்டேன். முதல் தடவை எழுதியபோது இடி மின்னல் வந்துவிட்டது. அன்று மழையே இல்லை. இது ஐந்தாவது.

சூலூரில் ஒரு பம்பு டீலர், ஓட்டிக் காட்டினால் தன் கடையில் வைத்து விற்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் கிணற்றில் வைத்துக் காட்ட ஏற்பாடு. அங்கே இருந்தது ஐந்து பேர். டீலர், தோட்டத்துக்காரர், அவர் மருமகன், உங்கப்பா, நான். அவர்களுடைய பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டினோம். இரும்பு வேலை முழுக்க உங்கப்பா, கரண்டு வேலை என்னுடையது. நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் காயில் சுற்றும் கடையில் ஏழெட்டு மாதம் இருந்தேன். ஊரில் இரண்டு வருஷம் என்று சொல்லியிருந்தேன். மோட்டாருக்கு வருவது மூன்று ஒயர். அதில் எந்த இரண்டும் இடம் மாறிப்போனாலும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் ஒழுங்காகத்தான் வரும், தண்ணீர்தான் வராது, வந்தாலும் ஒழுகும். அதனால் ஒரு விநாடி ஓட்டி நிறுத்தி, பின்பக்க விசிறி எந்தப் பக்கம் சுற்றி ஓய்கிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று உங்கப்பா பேட்டர்ன் மரத்திலேயே ஒரு அம்புக்குறி செதுக்கியிருந்தார். அது வார்ப்பில் பம்பின்மேல் பதிந்திருந்தது. பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் டீலரிடம் என் காயில் கடைப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

"என்றா, சுத்து பாத்துட்டயா?" என்று உங்கப்பா கிணற்று மேட்டிலிருந்து கேட்டார்.

"பாத்துட்டனுங்ணா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது. ஒரே ஒரு வார்த்தை.

ஸ்டார்ட்டரைப் போட்டார். பைப்பு வாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் விட்டுவிட்டு வந்தது. உங்கப்பா நிறுத்தி, காற்றுப் போகப் பம்புக்குள் திரும்பத் தண்ணீர் ஊற்றி, திரும்பப் போட்டார். மூன்று தடவை. டீலர் நல்ல மனுஷன், முகம் சுளிக்கவில்லை. "இன்னுங் கொஞ்சம் வேலை பண்ணோணுமாட்ட இருக்குதுங்க. பொறவு பாக்கலாமுங்க" என்றார். தோட்டத்துக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார். "இல்லீங்க, பஸ்ஸு இருக்குதுங்க" என்றார் உங்கப்பா. என்னைப் பார்த்து, "கழட்டி வெச்சுப்போட்டு வாடா, ஸ்டாப்புல இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார். மற்றவர்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

கழற்றும் முன் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு விநாடி ஓட்டி நிறுத்தி, விசிறியைப் பார்த்தேன். அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் சுற்றி ஓய்ந்தது. இரண்டு ஒயரை மாற்றி மாட்டினேன். தண்ணீர் ஊற்றிப் போட்டேன். பைப்பு வாய் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது கண்ணு. பைப்பு விழுகிற தொட்டியின் எதிர்ச்சுவரில் மோதி, திரும்பி என்னை நெஞ்சு வரைக்கும் நனைத்தது. அங்கே ஒரு தென்னை மரம் இருந்தது உண்மை. தொட்டி மடை வழியாகத் தண்ணீர் போய் அதன் அடியில் நின்றது. அவ்வளவுதான் தென்னைக் கதை. உங்கப்பாவின் கணக்கு சரி. காலண்டர் பின்னால் வரைந்த அந்த வளைவு சரி. அந்தத் தண்ணீரை நான் ஒருத்தன் மட்டும் பார்த்தேன்.

பம்பை நிறுத்திக் கழற்றி வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். சொல்லத்தான் ஓடினேன், அதை நம்பு. உங்கப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "என்றா, தொட்டில உளுந்துட்டயா?" என்றார். "ஆமாங்ணா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எல்லாஞ் சரியாத்தாண்டா செஞ்செ. எறக்கை வளைவுதான் எங்கயோ போச்சு. என்ற கணக்குத்தான் தப்பு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. ஈரம் காயட்டும் என்று எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுவிட்டு, கூட்டத்தில் அவர் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டார். காந்திபுரம் வரைக்கும் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எனக்குக் கரண்டு வேலை தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். காரணம் இவ்வளவுதான். பெரிசாக ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான், இல்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த மாதமே உங்கப்பா பேட்டர்ன் மரத்தை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிட்டார். அடுத்த மாதம் மில்லில் மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஷிஃப்ட். உனக்குப் பேர் வைத்த அன்று ஒரு சொந்தக்காரர், "பம்பு என்னாச்சுங்க மாப்ளெ?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். உங்கப்பா வாய் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்து, "தென்னை உசரத்துக்கு அடிச்சுதுங்க!" என்று ஆரம்பித்தேன். முதல் தடவை அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன். இரண்டாம் தடவையிலிருந்து என்னைக் காப்பாற்ற.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்பாய். மில்லில் தினமும் மோட்டார் மாட்டிக் கழற்றுகிறவருக்கு, ஒயர் மாறினால் என்ன ஆகும் என்று தெரியாமலா இருந்திருக்கும்? என்றைக்காவது அந்த நாளை நினைத்துப் பார்த்திருப்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியுண்டா" என்றார் என்று எழுதினால் உன் கட்டுரை எவ்வளவு நன்றாக முடியும்! அந்த வசனத்தை நான் தனியாகச் சொல்லிக்கூடப் பார்த்திருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "ஃபேனைக் கொறைடா, குளுருது" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்று எழுது. படிக்கிறவனுக்கு அங்கே குறுகுறுக்கும். குறுகுறுக்கட்டும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அதனால் ஐந்தாம் பக்கத்தை எடுத்துவிட்டு நடந்ததைப் போடு. அல்லது கட்டுரையே வேண்டாம் என்று நிறுத்திவிடு. உன் அப்பா, உன் எழுத்து, நீதான் முடிவு செய்ய வேண்டும். போடுவதாக இருந்தால் "உறவினர் ஒருவர்" என்று எழுதாதே. சித்தப்பா என்றே எழுது. என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, ஆறவைத்து எழுதாதே. நீ கோபத்தை அடக்கிக்கொண்டு, "சூழ்நிலை அப்படி" என்று எனக்காக ஒரு வரி சேர்த்துவிடுவாய் என்றுதான் பயமாக இருக்கிறது. சூழ்நிலை ஒன்றும் இல்லை. நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்றேன்.

உங்கம்மாவுக்கு உன் புத்தகத்தைப் பார்த்துத் தெரியக்கூடாது என்று நேற்றுக் காலை நானே போனேன். வாசல் நிழலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, திரும்பவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க தம்பி. யானையா?"

"இல்லீங்க. சூலூரு."

"அதுதான் நூறு தடவ சொல்லிப்போட்டீங்களே."

இது நூற்றி ஒன்றாவது என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். ஐந்து பேர் என்றேன். ஒயர் என்றேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் சொல்லி முடித்தேன். நடுவில் அவர் கை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. "தண்ணி எவ்வளவுங்க வந்துச்சு?" என்று கேட்டார்.

"பைப்பு வாய் நெறையா வந்துச்சுங்க. கொஞ்ச நேரத்துல தொட்டி பாதி ரொம்பிப்போச்சுங்க."

"நெறையாவா?"

"நெறையாங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

"அத அவரு பாக்கலியே தம்பி" என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் காப்பி ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. "போயிட்டு வாரனுங்க அண்ணி" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னேன். கேட்டை நானே சாத்திவிட்டு வந்தேன். உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார், அழுதாரா, கீரையைக் கழுவினாரா என்று என்னைக் கேட்காதே கண்ணு. நான் பார்க்கவில்லை.

உன்
சித்தப்பன்